சார்லஸ் பாபேஜ்

கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால் பள்ளி மாணவனுக்கு மதிப்பெண் குறைகிறது. அதே பிழை கடலிற் செல்லும் மாலுமியின் கையிலுள்ள அட்டவணையில் இருந்துவிட்டால் கலம் திசை மாறும், பாறையில் மோதி உடையும், உயிர்களும் மாளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வாணிகத்தால் செழித்த நாடுகள் யாவும் இத்தகைய எண் அட்டவணைகளை நம்பியே வாழ்ந்தன. மாலுமிகள், வானநூல் வல்லார், நில அளவையாளர், பொறியாளர், வட்டிக் கணக்கர் ஆகிய அனைவரும் அச்சிட்ட அட்டவணைகளைத் துணையாகக் கொண்டே தொழில் செய்தனர். அவ்வட்டவணைகளிலோ பிழைகள் மலிந்திருந்தன. அவற்றை அறவே ஒழிக்க வேண்டும் என்னும் வேட்கையால் ஒருவர் தம் வாழ்நாளையும் செல்வத்தையும் செலவிட்டார். அவரே, கணிப்பொறியின் தந்தை என இன்று உலகம் போற்றும் சார்லஸ் பாபேஜ் ஆவார்.

இளமையும் கல்வியும்

பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். இளம் பாபேஜ் கடுங்காய்ச்சலால் வருந்தி உடல் நலிந்திருந்தமையால், பெற்றோர் அவரை நகரை விட்டு நாட்டுப்புறப் பள்ளியொன்றிற் சேர்த்தனர். அவர் மூளைக்கு மிகுந்த வேலை தரலாகாது என்றும் ஆசிரியரிடம் கூறிவைத்தனர். ஆயினும் அச்சிறுவரின் அறிவுப் பசி அடங்குவதாக இல்லை. புதிய விளையாட்டுப் பொருள் ஒன்று கையிற் கிடைத்தால், அதன் உள்ளே இருப்பது யாது என்று வினவுவார். தக்க விடை கிடையாவிடின் அதனைப் பிரித்துப் பார்த்த பின்னரே அமைதி கொள்வார்.

ஒரு முறை அவர்தம் அன்னையார், இயந்திரப் பொம்மைகள் வைக்கப்பெற்ற காட்சிசாலை ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றார். ஆங்கு வெள்ளியாலான ஆடல்மகள் உருவம் ஒன்று, உயிருள்ளது போலவே அசைந்து ஆடியது. உயிரற்ற உலோகம் மனிதர் வகுத்த முறைப்படி இயங்கும் அக்காட்சி சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னர் அப்பொம்மை ஏலத்திற்கு வந்தபோது, பாபேஜ் அதனை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டுத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார்.

1810-ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஐரோப்பிய நாடுகளில் கணிதம் விரைந்து வளர்ந்துகொண்டிருக்க, இங்கிலாந்தில் அது நியூட்டன் காலத்து முறையிலேயே தேங்கிக் கிடப்பதை அவர் கண்டார். ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் முதலிய நண்பர்களுடன் 1812-ஆம் ஆண்டிற் கழகம் ஒன்றை நிறுவினார். அவர்கள் பிரெஞ்சுக் கணித நூலொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். பிற நாட்டார் அறிவைத் தயங்காது ஏற்ற இம்மாணவர்களின் முயற்சியால் அந்நாட்டின் கணிதக் கல்வி புத்துயிர் பெற்றது.

எண்ணத்தில் எழுந்த பொறி

அக்காலத்தில் எண் அட்டவணைகளைக் கணித்துத் தருதல் மனிதர் செய்த தொழிலாக இருந்தது. இன்று கணிப்பொறியைக் குறிக்கும் கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல், அன்று கூலி பெற்றுக் கணக்கிடும் மனிதரையே குறித்தது. கணக்கிடுவோர் சோர்ந்தால் ஒரு பிழை; படியெடுப்போர் அயர்ந்தால் மற்றொரு பிழை; அச்சுக் கோப்போர் எழுத்து மாற்றினால் இன்னொரு பிழை. இவ்வாறு பிழை புகும் வாயில்கள் பலவாயின.

பிரான்சு நாட்டில் புரட்சிக்குப் பின்னர்ப் புதிய அளவைகளுக்கு ஏற்ற அட்டவணைகள் தேவையாயின. அப்பெரும்பணியை ஏற்ற தெ புரோனி என்னும் பொறியாளர், அதனை மூன்று படிகளாகப் பகுத்தார். கணித மேதையர் சிலர் ஏற்ற சூத்திரங்களைத் தெரிந்தெடுத்தனர். அவற்றை எண்களாக மாற்றிக் கொடுத்தனர் அடுத்த நிலையினர். இறுதிப் படியில் இருந்த அறுபது எண்பது பேருக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்திருந்தால் போதும். 1819-ஆம் ஆண்டிற் பாரிசு நகர் சென்ற பாபேஜ் இதனை அறிந்தார். இறுதிப் படியிலுள்ளோர் சிந்தியாமலே செய்யும் பணியை ஓர் இயந்திரம் செய்யலாகாதா என்னும் எண்ணம் இதனால் வலுப்பெறுவதாயிற்று.

1821-ஆம் ஆண்டில் பாபேஜும் ஹெர்ஷலும் வானநூல் அட்டவணைகள் சிலவற்றை ஒப்புநோக்கிக் கொண்டிருந்தனர். பக்கந்தோறும் பிழைகள் தோன்றின. உளம் நொந்த பாபேஜ், இக்கணக்குகளை எல்லாம் நீராவியே செய்து தந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று கூறினார். நூல் நூற்கவும் நீர் இறைக்கவும் நீராவி பயன்பட்டு வந்த காலம் அது. உடலுழைப்புக்குத் துணைவந்த இயந்திரம் மூளையுழைப்புக்கும் துணைவரும் என்று எண்ணத் துணிந்தார் அவர்.

வேறுபாட்டுப் பொறி

அவர் கையாண்ட முறை எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகள் 3, 5, 7, 9 என வரும். இவற்றின் வேறுபாடுகளோ 2, 2, 2 என மாறாது நிற்கும். எனவே 9 உடன் 2 ஐக் கூட்டினால் 11; 25 உடன் 11 ஐக் கூட்டினால் அடுத்த வர்க்க எண்ணாகிய 36 கிடைத்துவிடும். பெருக்கலே வேண்டுவதில்லை, கூட்டலே போதும். பற்சக்கரங்கள் கூட்டல் செய்யவல்லவை. ஆதலின் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற எண்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். விடைகளைப் பொறியே அச்சுக்கு உரிய தகட்டிற் பதிக்குமாறும் அவர் திட்டமிட்டார். இதனால் படியெடுக்கும் பிழையும் அச்சுப் பிழையும் ஒருங்கே நீங்கும். இதற்கு வேறுபாட்டுப் பொறி என்பது பெயர்.

1822-ஆம் ஆண்டில் சிறிய மாதிரிப் பொறியொன்றை அவர் செய்து காட்டினார். வானநூற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 1823-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு முதற்கட்டமாக 1,500 பவுன் அளித்தது. சோசப் கிளமெண்டு என்னும் கைத்திறன் மிக்க பொறிவினைஞர் பணியைத் தொடங்கினார். முழுப் பொறிக்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன. ஒரே அளவினவாகப் பல்லாயிரம் உறுப்புகளைச் செய்யும் வழக்கம் அன்று இல்லை. அவற்றைச் செய்வதற்குரிய கருவிகளையே முதலிற் செய்ய வேண்டியிருந்தது. ஆதலின் பணி நத்தை போல் நகர்ந்தது.

இந்நிலையிற் பாபேஜின் வாழ்வில் பேரிடி விழுந்தது. 1827-ஆம் ஆண்டு ஒன்றிலேயே அவர் தம் தந்தையையும், மைந்தர் ஒருவரையும், அருமை மனைவியார் ஜார்ஜியானாவையும் இழந்தார். துயரம் தாங்காது ஐரோப்பிய நாடுகளிற் சுற்றித் திரிந்தார். நண்பர் ஹெர்ஷல் இங்கிலாந்தில் இருந்து பொறிப்பணியைப் பார்த்துக்கொண்டார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதே, நியூட்டன் முன்பு வகித்த கேம்பிரிட்ஜ்க் கணிதப் பேராசிரியர் பதவி 1828-ஆம் ஆண்டில் அவரைத் தேடி வந்தது.

தொழிலும் தொழிலாளரும்

இயந்திரங்களைப் பற்றி அறிய விழைந்த பாபேஜ் பல தொழிற்சாலைகளை நேரிற் கண்டார். தாம் கண்டவற்றை 1832-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குண்டூசி செய்வது முதலாகப் பல தொழில்களைப் படிப்படியாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஆகும் காலத்தையும் கூலியையும் அதிற் கணக்கிட்டுக் காட்டினார். இயந்திரம் வந்தால் அதுவரை கையாற் செய்துவந்தவர் வேலை இழக்க நேரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொழிலின் ஊதியத்தில் தொழிலாளருக்கும் பங்கு உண்டாயின் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நோக்குடன் உழைப்பர் என்று அவர் எடுத்துரைத்தார். இயந்திரத்தின் ஆற்றலை மட்டுமன்றி அதனைச் சூழ்ந்து வாழும் மக்களையும் அவர் எண்ணிப் பார்த்தார் என்பதற்கு இதுவே சான்றாகும்.

அதே ஆண்டில், வேறுபாட்டுப் பொறியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பொருத்தி முடிக்கப்பெற்றது. அது பிழையின்றி இயங்கியது. ஆயினும் 1833-ஆம் ஆண்டில் பாபேஜுக்கும் கிளமெண்டுக்கும் பணம் பற்றிய பிணக்கு ஏற்பட்டுப் பணி நின்றது. அது மீண்டும் தொடங்கப்படவே இல்லை.

பகுப்பாய்வுப் பொறி

பணி நின்ற ஓய்வில் பாபேஜின் உள்ளம் மேலும் உயரப் பறந்தது. ஒரே வகைக் கணக்கை மட்டும் செய்யும் பொறியைவிட, எவ்வகைக் கணக்கையும் செய்யும் பொறி சிறந்ததன்றோ என அவர் எண்ணினார். 1834-ஆம் ஆண்டு முதல் அதற்கான வரைபடங்களை எழுதலானார். அதுவே பகுப்பாய்வுப் பொறி. பஞ்சாலைகளில் வழங்கிய சொற்களையே கொண்டு, எண்களைச் சேர்த்து வைக்கும் பகுதியைக் கிடங்கு என்றும், கணக்கிடும் பகுதியை ஆலை என்றும் அவர் அழைத்தார். இன்றைய கணிப்பொறியிலும் நினைவகம் என்றும் செயலகம் என்றும் இவ்விரு பகுதிகள் தனித்தனியே அமைந்துள்ளன.

அப்பொறிக்கு ஆணையிடும் முறையை அவர் நெசவாளரிடமிருந்து கற்றார். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர், பூவேலைப் பட்டு நெய்யும் தறியொன்றை அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்திருந்தார். துளையிட்ட அட்டைகள் தொடராகத் தறியின் மேல் ஏறிவரும். துளையுள்ள இடத்திற் பாவு நூல் உயரும். துளையற்ற இடத்தில் உயராது. அட்டைகளை மாற்றினால் பூவும் மாறும். தறியருகே நின்று நூலை இழுத்துக் கொடுத்து வந்தவர்க்கு வேலை போயிற்று. நெசவாளர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அத்தறி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுப் பட்டுத் தறிகளிலும் அவ்வட்டைகள் இடம்பெற்றன. பூவை நெய்ய உதவும் அட்டை, கணக்கையும் நெய்ய உதவும் என்று கண்டார் பாபேஜ். இடையில் வரும் விடைக்கு ஏற்ப, அடுத்துச் செய்யவேண்டுவது யாது எனப் பொறியே வழி மாறிச் செல்லவும் அவர் வகை செய்தார்.

அடா லவ்லேசு அம்மையார்

இப்பொறியின் பெருமையை உணர்ந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவருள் தலையாயவர் அடா லவ்லேசு அம்மையார். அவர் கவிஞர் பைரனின் மகளார்; 1815-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், வீட்டிலிருந்தே கணிதம் பயின்றவர். பதினேழாம் வயதிற் பாபேஜின் இல்லத்தில் வேறுபாட்டுப் பொறியைக் கண்டு வியந்தார்.

1840-ஆம் ஆண்டிற் பாபேஜ் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் அறிஞர் அவையிற் பகுப்பாய்வுப் பொறியை விளக்கினார். அதனைக் கேட்ட மெனபிரேயா என்னும் பொறியாளர் பிரெஞ்சு மொழியிற் கட்டுரை எழுதினார். அதனை அடா அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கட்டுரையினும் ஏறத்தாழ மும்மடங்கு நீளமுள்ள குறிப்புகளைச் சேர்த்து 1843-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு கடினமான கணக்கை அப்பொறி எவ்வெப்படிகளிற் செய்யும் என்பதை அதில் வரிசைப்படுத்திக் காட்டினார். இத்தகைய ஆணைத் தொடரையே இன்று நிரல் என்பர். எண்களை மட்டுமன்றி இசை போன்றவற்றையும், அவற்றின் உறவுகளை முறைப்படி எழுதிக் கொடுத்தால், அப்பொறி கையாளக்கூடும் என்று அவர் முன்னரே உணர்ந்தார். அப்பொறி தானாக எதனையும் படைக்காது. நாம் அறிந்து ஆணையிட்டவற்றையே செய்யும் என்றும் தெளிவுறுத்தினார். அந்தோ! அவர் முப்பத்தாறாம் வயதிலேயே, 1852-ஆம் ஆண்டில், மறைந்தார்.

ஏமாற்றமும் இறுதியும்

வேறுபாட்டுப் பொறிக்கு அரசு அளித்த தொகை 17,000 பவுனுக்கு மேற்பட்டது. பொறியோ முடியவில்லை. அதனை முடிக்குமுன்னரே வேறொரு பொறியைப் பற்றிப் பாபேஜ் பேசத் தொடங்கியது ஆட்சியாளருக்கு ஐயத்தை விளைவித்தது. அரசின் வானநூலறிஞர் ஏரி என்பவரும் அப்பொறியாற் பயனில்லை என்று கருத்துரைத்தார். 1842-ஆம் ஆண்டிற் பிரதமர் பீலின் அரசு உதவியை முற்றிலும் நிறுத்தியது. பாபேஜ் பிரதமரை நேரிற் கண்டார். ஆனால் அமைதியுடன் எடுத்துரைத்து இணங்கச் செய்வதற்கு மாறாக வாதாடிப் பகைமையே தேடிக்கொண்டார். சினமும் பொறாமையின்மையும் ஒருங்கே அமைந்த விந்தையான இயல்பினர் அவர். வீதியில் இசைக்கருவி வாசிப்போரால் தம் சிந்தனை சிதறுகிறது என்று அவர்கள்மேல் ஓயாது வழக்காடி ஊராரின் ஏளனத்திற்கு ஆளானார். ஆனால் சுவீடன் நாட்டுச் சூட்சு என்னும் தந்தையும் மகனும் வேறுபாட்டுப் பொறியொன்றைச் செய்து முடித்து, 1855-ஆம் ஆண்டிற் பாரிசுக் கண்காட்சியில் வைத்தபோது, தம்மை முந்திவிட்டனரே என்று வருந்தாமல் அவர்களை மனமுவந்து பாராட்டி உதவினார்.

1847-ஆம் ஆண்டு தொடங்கி, முன்னதினும் எளிய இரண்டாம் வேறுபாட்டுப் பொறி ஒன்றையும் அவர் வரைந்தார். அதனை அரசு ஏற்கவில்லை. பகுப்பாய்வுப் பொறியின் வரைபடங்களைத் தம் செலவிலேயே திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்த அப்பெரியார், 1871-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள், தம் பொறிகளுள் ஒன்றேனும் முழுமை பெறக் காணாமலே இயற்கை எய்தினார்.

மறைந்த பின் மலர்ந்த புகழ்

அவருடைய மைந்தர் ஹென்றி பாபேஜ் இந்தியாவிற் படைத்துறையிற் பல்லாண்டுகள் பணிபுரிந்து தாயகம் திரும்பியவர். அவர் தந்தையின் வரைபடங்களைப் பேணிக் காத்தார்; எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு சிறு மாதிரிகள் செய்தார். அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தது. அங்கே அதனைக் கண்ட ஓவர்டு ஐக்கன் என்னும் அறிஞர் அமைத்த பெரிய கணிப்பொறி 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இதற்கு முன்னரே, 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆலெரித்து என்பவர் துளையிட்ட அட்டைகளையும் மின்சாரத்தையும் கொண்டு கோடிக்கணக்கான மக்களின் விவரங்களை விரைந்து தொகுத்திருந்தார்.

பாபேஜ் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1991-ஆம் ஆண்டில், இலண்டன் அறிவியற் காட்சிசாலையினர் அவருடைய இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை அவர் வரைந்தபடியே செய்து முடித்தனர். அவர் காலத்தில் எவ்வளவு நுட்பமாக உறுப்புகளைச் செய்ய இயன்றதோ அவ்வளவு நுட்பத்தையே மேற்கொண்டனர். கைப்பிடியைச் சுழற்றினர், பொறி பிழையின்றிக் கணக்கிட்டது. அச்சிடும் பகுதியும் 2002-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கனவு காண்பவர் என்று பலரால் இகழப்பட்டவர் கூறியது மெய்யே என்பதை உலகம் கண்டது.

இன்று புயலின் வரவை முன்னரே அறிந்து கரையோர மக்களைக் காப்பதற்கும், மருத்துவர் உடலின் உட்பகுதியைப் படமெடுத்து நோய் காண்பதற்கும், தொலைவிலுள்ள மாணவர் பெரிய நூலகங்களின் நூல்களைப் படிப்பதற்கும் கணிப்பொறி துணைநிற்கிறது. அதனாற் சில தொழில்கள் மறைகின்றன. புதியன பல தோன்றுகின்றன. லியோன் நகர நெசவாளர் அன்று எய்திய அச்சம் இன்றும் பலர் உள்ளத்தில் உண்டு. இயந்திரத்தால் வரும் ஊதியம் உழைப்போர்க்கும் பங்காக வேண்டும் என்று பாபேஜ் எண்ணியது இன்றைக்கும் பொருந்துவதாகும்.

பாபேஜின் வாழ்க்கை மூன்று பாடங்களைப் புகட்டுகிறது. எடுத்த செயலை முடித்த பின்னரே அடுத்ததை எண்ண வேண்டும் என்பதும், பிறரை இணங்கச் செய்யும் பொறுமை அறிஞர்க்கும் வேண்டும் என்பதும் அவருடைய குறைகளிலிருந்து நாம் கற்பன. உண்மை என்று கண்டதைப் பயன் வந்தாலும் வாராவிடினும் கைவிடாது உழைக்க வேண்டும் என்பது அவருடைய நிறைவிலிருந்து நாம் கற்பது. பிரான்சு நாட்டு நெசவும், இங்கிலாந்து நாட்டுக் கணிதமும், இத்தாலி நாட்டார் கட்டுரையும், அமெரிக்க நாட்டார் முயற்சியும் ஒன்று சேர்ந்தே கணிப்பொறி உருவாயிற்று. அறிவு எந்த ஒரு நாட்டார்க்கும் தனியுடைமை அன்று. பொறி எத்துணை விரைந்து இயங்கினும் ஆணையிடுவது மனிதரின் அறிவே. ஆதலின் நல்லதை அறிந்து ஆணையிடும் அறிவைப் பெறுதலே இளைஞர் கடனாகும்.